பழைய பிஎச்பி செயலியை பிஎஸ்ஆர்-12 நெறிக்குக் கொண்டுவருதல்: முழுமையான வழிகாட்டி

பல பேர் கைமாறி வந்த பிஎச்பி வலைச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பில் டேப், அடுத்த கோப்பில் நான்கு இடைவெளி. ஒருவர் அடிக்கோடு போட்டுப் பெயர் வைத்திருப்பார், இன்னொருவர் வார்த்தைகளை ஒட்டி எழுதியிருப்பார். எஸ்க்யூஎல், எச்டிஎம்எல், கணக்கு எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். ஆனாலும் செயலி ஓடுகிறது, வாடிக்கையாளர்கள் அதை நம்பித் தொழில் செய்கிறார்கள். அதனால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுத முடியாது.

அப்படிப்பட்ட செயலியை எந்த வரிசையில் ஒரே நெறிக்குள், அதாவது பிஎஸ்ஆர்-12 என்ற பொதுவான நிரல் எழுதும் விதிகளுக்குள், கொண்டுவருவது என்பதுதான் இந்த வழிகாட்டி. விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு மதியம் போதும். வரிசை தப்பினால்தான் வேலை மாதக்கணக்கில் இழுத்துவிடும். புதிதாக இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவதை நான் அதிகம் பார்த்தது அங்கேதான்.

ஒரு கட்டுப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி செய்த மாற்றமும் ஆள் யோசித்துச் செய்த மாற்றமும் ஒரே கமிட்டில் (கிட் கருவியில் ஒன்றாகப் பதியும் மாற்றத் தொகுப்பில்) சேரவே கூடாது. வெள்ளையடிப்பதும் சுவரை இடிப்பதும் ஒரே நாளில் நடந்தால், பிறகு தெரிகிற விரிசல் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கட்டுப்பாட்டை ஒட்டித்தான் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், ரெப்போவில் (கிட் சேமிப்பகத்தில்) இருக்கும் நிரலும் சர்வரில் ஓடும் நிரலும் ஒன்றுதானா என்று பாருங்கள். பழைய செயலிகளில் அவசரத்துக்கு யாராவது சர்வரில் நேரடியாகத் திருத்தியிருப்பார்கள். அது கிட்டுக்கு வந்திருக்காது. சர்வரில் உள்ள கோப்புகளை இறக்கி, ரெப்போவோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களைத் தனி கமிட்டாகச் சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் வடிவமைப்பை மாற்றிவிட்டால் பிறகு ஒப்பிடவே முடியாது. எல்லா வரியும் மாறியதாகத்தான் தெரியும்.

அடுத்தது பிஎச்பி பதிப்பு. எல்லோருடைய கணினியிலும் சர்வரிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். பிஎச்பி நூலகங்களை நிறுவும் கருவியான கம்போசரின் அமைப்புக் கோப்பில் அந்தப் பதிப்பைக் குறித்துவையுங்கள். கருவிகள் அதைப் பார்த்துத்தான் எந்தச் சார்புகளை நிறுவலாம் என்று முடிவு செய்கின்றன.

மூன்றாவது, சோதனை. தானியங்கிச் சோதனைகள் இருந்தால் நல்லது. இல்லையென்றால், உள்நுழைவு, தேடல், பதிவுசெய்தல், பணம் செலுத்துதல், அறிக்கை இறக்குதல் என்று செயலியின் உயிர்நாடியான பாதைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் என்ன தெரிய வேண்டும் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் அந்தத் தாளை வைத்து ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இது இல்லாமல் அடுத்த படிகளுக்குப் போகாதீர்கள்.

கடைசியாக, முடிவு சொல்ல ஓர் ஆள். குழுவே உட்கார்ந்து ஒவ்வொரு விதிக்கும் வாக்கெடுப்பு நடத்தினால் இடைவெளியா டேப்பா என்பதிலேயே வாரம் போய்விடும்.

2. நெறியைத் தேர்ந்தெடுத்தல்

சொந்தமாக நெறி எழுதாதீர்கள். எழுதினால் அதைப் பராமரிக்கவும், அதற்கேற்பக் கருவிகளை வளைக்கவும், புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுத்தரவும் நீங்கள்தான் உழைக்க வேண்டும். பொதுநெறி ஒன்றை எடுத்தால் எடிட்டர்களும் கருவிகளும் அதை ஏற்கெனவே அறிந்திருக்கும்.

செயலி ஏதாவது ஒரு ஃபிரேம்வொர்க்கின் மேல் நிற்கிறது என்றால் அதன் நெறியே உங்கள் நெறி. வேர்ட்பிரஸுக்குத் தனி நெறி உண்டு, அதில் உள்தள்ளலுக்கு டேப் பயன்படுத்துவார்கள். டுரூபலில் இரண்டு இடைவெளி. லாராவெலுக்கு பின்ட் என்ற கருவியே கூட வருகிறது. ஃபிரேம்வொர்க் இல்லாத, அல்லது சொந்தமாகக் கட்டிய செயலி என்றால் பிஎச்பி ஃபிரேம்வொர்க்குகளின் கூட்டுக் குழுவான பிஎச்பி-ஃபிக்கின் பிஎஸ்ஆர்-1, பிஎஸ்ஆர்-12, பிஎஸ்ஆர்-4 மூன்றும் போதும். பிஎஸ்ஆர்-1 அடிப்படை விதிகள். 2019இல் ஏற்கப்பட்ட பிஎஸ்ஆர்-12 வடிவமைப்பு. பிஎஸ்ஆர்-4 என்பது கிளாஸ் பெயரையும் கோப்பின் இடத்தையும் பொருத்தும் விதி. பிஎஸ்ஆர்-12க்குப் பிறகு பெர் என்ற நெறி வந்திருக்கிறது, அது புதிய பிஎச்பி வசதிகளையும் சேர்த்துச் சொல்கிறது. பழைய நிரலுக்கு பிஎஸ்ஆர்-12இல் தொடங்கிப் பின்னர் பெர் நெறிக்கு நகர்வது எளிது, ஏனென்றால் அடித்தளம் ஒன்றுதான்.

பிஎஸ்ஆர்-12 எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மெத்தட் பெயரை ஒட்டக எழுத்தில் (சொற்களை ஒட்டி, இரண்டாம் சொல்லிலிருந்து முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக) எழுதச் சொல்லும் பிஎஸ்ஆர்-1, கிளாஸுக்குள் இருக்கும் பிராப்பர்ட்டிகளின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறது. எப்படி வேண்டுமானாலும் வையுங்கள், ஒரே மாதிரி வையுங்கள் என்கிறது. டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர், படிவப் புலங்களின் பெயர், யூஆர்எல் அமைப்பு ஆகியவற்றுக்கும் அதில் விதி இல்லை. இந்த இடைவெளிகளை மட்டும் நிரப்பும் ஓர் ஆவணம் எழுதுங்கள். இரண்டு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். கருவி தானாகவே சரிசெய்யும் எதையும் அந்த ஆவணத்தில் எழுத வேண்டாம்.

3. வரிமுடிவும் குறியாக்கமும்

நிரலைத் தானாக வடிவமைக்கும் ஃபார்மேட்டரை நிறுவத் துடிக்கும் கை இங்கே கொஞ்சம் பொறுக்க வேண்டும். விண்டோஸில் எழுதிய கோப்புகளில் வரிமுடிவு இரண்டு எழுத்துகளாக இருக்கும், லினக்ஸிலும் மேக்கிலும் ஒன்று. இதை முன்னதாகச் சரிசெய்யாவிட்டால் ஆளுக்கு ஆள், கணினிக்குக் கணினி, ஒரே கோப்பு முழுவதும் மாறியதாக கிட் காட்டிக்கொண்டே இருக்கும்.

கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எல்லா எழுத்துக் கோப்புகளுக்கும் எல்எஃப் (ஒற்றை எழுத்து) வரிமுடிவு என்று எழுதுங்கள். பிறகு கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டி, அதைத் தனி கமிட்டாக்குங்கள். படங்கள், எழுத்துருக்கள், பிடிஎஃப் போன்றவை பைனரி என்று வெளிப்படையாகக் குறித்துவிடுவது பாதுகாப்பு.

கூடவே எடிட்டர்-கான்ஃபிக் கோப்பு ஒன்றும் வையுங்கள்: நான்கு இடைவெளி, யூடிஎஃப்-8, கோப்பின் கடைசியில் ஒரு வரிமுடிவு, வரியின் கடைசியில் உள்ள வெற்றிடத்தை நீக்கு. மார்க்டவுன் கோப்புகளுக்கு மட்டும் கடைசி விதியை அணைத்துவிடுங்கள். அங்கே வரிக்கடைசியில் இரண்டு இடைவெளி வைத்தால் வரி முறிகிறது என்று பொருள்.

யூடிஎஃப்-8 என்றால் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8. கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் அந்த மூன்று பைட்டுகளை பிஎச்பி வெளியீடாக அனுப்பிவிடும். அதன் பிறகு குக்கியும் வைக்க முடியாது, வேறு பக்கத்துக்குத் திருப்பவும் முடியாது, ஹெட்டர்கள் ஏற்கெனவே போய்விட்டன என்று எரர் வரும். கோப்பின் கடைசியில் இருக்கும் ?> குறிக்குப் பின்னால் ஒரு வெற்றுவரி இருந்தாலும் இதே தொல்லை வரலாம். பிஎச்பி மட்டும் உள்ள கோப்பில் அந்தக் குறியை எழுதவே கூடாது என்று பிஎஸ்ஆர்-12 சொல்வதற்குப் பின்னால் இப்படி நடைமுறைக் காரணம் இருக்கிறது. குழுவில் யாராவது இந்த விதிகள் எல்லாம் வெறும் அழகுக்குத்தானே என்று கேட்டால் இதைக் காட்டுங்கள்.

4. ஃபார்மேட்டரை அமைத்தல்

பிஎச்பி-சிஎஸ்-ஃபிக்சர் அல்லது பிஎச்பி-கோட்ஸ்னிஃபர், இரண்டில் ஒன்றை எடுங்கள். இரண்டையும் வடிவமைப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒன்று திருத்தியதை மற்றொன்று குறை சொல்லும் இடங்கள் உண்டு. அப்புறம் நாள் முழுக்க அவற்றைச் சமாதானப்படுத்துவதே வேலையாகிவிடும். இங்கே ஃபிக்சரை வைத்துச் சொல்கிறேன்.

ஆளாளுக்குத் தனித்தனியாக நிறுவ வேண்டாம். கம்போசரின் டெவ் பகுதியில் சேர்த்து, கம்போசர் லாக் கோப்பையும் கமிட் செய்யுங்கள். ஃபிக்சரின் பதிப்பு மாறினால் விதிகளின் நுணுக்கமும் மாறும். ஒருவரிடம் ஒரு பதிப்பும் இன்னொருவரிடம் வேறு பதிப்பும் இருந்தால் ஒருவர் திருத்தியதை மற்றவர் அறியாமலே திருப்பிவிடுவார்.

அமைப்புக் கோப்பில் பிஎஸ்ஆர்-12 விதித்தொகுப்பை மட்டும் போடுங்கள். இணையத்தில் கிடைக்கும் நீண்ட விதிப்பட்டியல்களை அப்படியே ஒட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அவற்றில் ஆபத்தானவை என்று ஃபிக்சரே குறித்துவைத்திருக்கும் விதிகள் கலந்திருக்கும். இரட்டைச் சமக்குறியை === ஆக மாற்றுவது, மதிப்பின் வகையைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லும் ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் அறிவிப்பைச் சேர்ப்பது போன்றவை நிரலின் நடத்தையையே மாற்றக்கூடியவை. இந்தக் கட்டத்தில் ஆபத்தான விதிகளுக்கு அனுமதி அணைந்தே இருக்கட்டும்.

எந்த ஃபோல்டர்களைத் தொட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். வெண்டர் ஃபோல்டர், தானாக உருவாகும் கேச் கோப்புகள், வெளியாரிடமிருந்து நகலெடுத்து வைத்த பழைய நூலகங்கள் எல்லாம் விலக்கு. எச்டிஎம்எல்லும் பிஎச்பியும் பின்னிக்கிடக்கும் டெம்ப்ளேட் கோப்புகளையும் இப்போதைக்கு விலக்குங்கள். அவற்றில் ஃபிக்சர் பிஎச்பி பகுதியை மட்டும் நகர்த்தும், எச்டிஎம்எல்லின் உள்தள்ளல் அப்படியே நிற்கும். முன்பைவிடப் படிக்கக் கஷ்டமாகிவிடும்.

பிறகு டிரை-ரன், டிஃப் இரண்டு விருப்பங்களோடும் ஓட்டுங்கள். எந்தக் கோப்பும் மாறாது, என்ன மாறும் என்று மட்டும் காட்டும். வெளியீடு மிரட்டும் அளவுக்கு நீளமாக இருக்கும். முழுவதையும் படிக்க வேண்டாம். வேறு வேறு ஃபோல்டர்களிலிருந்து சில கோப்புகளை எடுத்து, வெற்றிடத்தைத் தாண்டி வேறு எதுவெல்லாம் மாறுகிறது என்று கவனியுங்கள். எல்ஸ், இஃப் இரண்டும் ஒட்டிக்கொள்வது, ட்ரூ சிற்றெழுத்தாவது, மெத்தட் முன்னால் பப்ளிக் சேர்வது போன்றவைதான் தெரிய வேண்டும். அதற்கு மேல் ஏதாவது தெரிந்தால் எந்த விதி அதைச் செய்கிறது என்று கண்டுபிடித்த பிறகு மேலே போங்கள்.

5. முழுச் செயலிக்கும் ஒரே வடிவமைப்பு கமிட்

தொடுகிற கோப்பை மட்டும் அப்போதைக்கப்போது வடிவமைத்துக்கொள்ளலாம் என்று பல குழுக்கள் தொடங்குகின்றன. கேட்க மென்மையான வழியாகத் தெரியும், நடைமுறையில் அதுதான் கடினமான வழி. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையிலும்) மூன்று வரி உண்மையான மாற்றம் முந்நூறு வரி இடைவெளி மாற்றத்துக்குள் புதைந்துவிடும். ரிவ்யூ செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லத் தொடங்குவார். ஒரே நாளில் முழுவதையும் முடித்துவிடுவதே நல்லது.

நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு வெளியீடு முடிந்து சர்வர் அமைதியாக ஓடத் தொடங்கிய பின், திறந்த பிராஞ்சுகள் (முடியாத வேலை இருக்கும் தனிக் கிளைகள்) குறைவாக இருக்கும் நாள். முன்கூட்டியே குழுவுக்குச் சொல்லி, முடிக்கக்கூடிய புல் ரிக்வெஸ்ட்களை முடித்துவிடச் சொல்லுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் கமிட்டில் ஃபிக்சரும் அதன் அமைப்புக் கோப்பும் மட்டும். இரண்டாவது கமிட்டில் ஃபிக்சர் ஓடியதன் விளைவு மட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு எழுத்தைக்கூடக் கையால் திருத்தாதீர்கள். யார் வேண்டுமானாலும் முதல் கமிட்டை எடுத்து ஃபிக்சரை ஓட்டினால் இரண்டாவது கமிட் அச்சு அசலாக வர வேண்டும். அப்படி வந்தால் அந்தப் பெரிய மாற்றத்தை வரிவரியாக ரிவ்யூ செய்யத் தேவையே இல்லை.

அதன் பிறகு எல்லாக் கோப்புகளையும் பிஎச்பியின் லின்ட் (எழுத்துவிதிப் பிழை தேடும்) விருப்பத்தால் ஒருமுறை சோதியுங்கள். வெற்றிடத்தைத் தவிர்த்து ஒப்பிடும் கிட் டிஃப் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். கடைசியாக முதல் படியில் எழுதிய தாளை எடுத்து நடந்து வாருங்கள்.

இப்போது பழைய வரலாற்றைக் காப்பாற்ற வேண்டும். பெரிய வடிவமைப்புக்குப் பிறகு கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளை) பார்த்தால் எல்லா வரிக்கும் உங்கள் பெயர்தான் வரும். ஐந்து வருடம் முன்பு அந்த விநோதமான நிபந்தனையை யார், எதற்காகச் சேர்த்தார்கள் என்ற தடயம் மறைந்துவிடும். கிட் 2.23 முதல் இதற்கு வழி இருக்கிறது. கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்து, வடிவமைப்பு கமிட்டின் முழு 40 எழுத்து ஹாஷையும் அதில் எழுதுங்கள். வரிமுடிவை மாற்றிய கமிட்டையும் சேர்த்துவிடுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் அந்தக் கோப்பை கிட் அமைப்பில் ஒருமுறை சுட்ட வேண்டும். கிட்ஹப் தளம் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் தானாகவே எடுத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஹாஷை எழுதிவைத்துவிட்டுப் பிறகு புல் ரிக்வெஸ்டை ஸ்குவாஷ் முறையிலோ ரீபேஸ் முறையிலோ சேர்த்தால் மெயின் பிராஞ்சில் ஹாஷ் மாறிவிடும். நீங்கள் எழுதிய ஹாஷ் எதையும் குறிக்காது. ஆகவே முதலில் வடிவமைப்பு கமிட் மெயினுக்கு வரட்டும், அதன் பிறகு அங்கே இருக்கும் ஹாஷை எடுத்து அடுத்த கமிட்டில் எழுதுங்கள்.

முடியாமல் நிற்கும் பிராஞ்சுகளை என்ன செய்வது? நேரடியாக மெர்ஜ் செய்தால் நூற்றுக்கணக்கான மோதல்கள் வரும். கையால் ஒவ்வொன்றாகத் தீர்க்க உட்காராதீர்கள். வடிவமைப்புக்கு முந்தைய கமிட்டை, அதாவது ஃபிக்சரின் அமைப்பு மட்டும் சேர்ந்த கமிட்டை, முதலில் உங்கள் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்யுங்கள். வரும் மோதல்கள் உண்மையான மோதல்கள், அவற்றைத் தீருங்கள். பிறகு கம்போசர் இன்ஸ்டால் செய்து, உங்கள் பிராஞ்சில் ஃபிக்சரை ஓட்டி கமிட் செய்யுங்கள். அதற்குப் பிறகு வடிவமைப்பு கமிட்டை அவர்ஸ் என்ற உத்தியோடு மெர்ஜ் செய்யுங்கள். உங்கள் பிராஞ்சின் உள்ளடக்கம் அப்படியே நிற்கும், ஆனால் வடிவமைப்பு கமிட் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதாக கிட் எடுத்துக்கொள்ளும். அவர்ஸ் உத்தியை அந்த ஒரு கமிட்டுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். மெயினின் நுனிக்குப் பயன்படுத்தினால் மற்றவர்கள் பின்னர் செய்த வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

6. காவலை சிஐயில் வைத்தல்

வடிவமைப்பு முடிந்த அன்றே சிஐயில், அதாவது மாற்றம் வரும்போதெல்லாம் தானாகச் சோதனை ஓட்டும் அமைப்பில், காவலும் வந்துவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் நெறிமீறிய கோப்புகள் மீண்டும் சேர்ந்துவிடும்.

பிரி-கமிட் ஹுக் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சிறு நிரல்) வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹுக் கோப்புகள் இருக்கும் இடம் கிட்டின் உள் ஃபோல்டர், அது ரெப்போவோடு மற்றவர்களுக்குப் போகாது. ஹுக்ஸ்-பாத் அமைப்பை வைத்துப் பொது ஃபோல்டர் ஒன்றைச் சுட்டலாம், ஆனால் அதையும் ஒவ்வொருவரும் தாமாகச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் நோ-வெரிஃபை என்று ஒரு சொல் சேர்த்தால் ஹுக் தாண்டப்பட்டுவிடும். ஹுக் என்பது எழுதுகிறவருக்கு வசதி, அவ்வளவுதான். சிஐயில் டிரை-ரன் ஓடி, அது தோற்றால் மெர்ஜ் பொத்தான் அணைந்திருக்க வேண்டும்.

சிஐ தானே திருத்தி கமிட் செய்யும்படி அமைக்க ஆசை வரும். புதிய குழுவில் அது வேண்டாம். தன் பிராஞ்சில் தனக்குத் தெரியாமல் கமிட் வந்து சேர்வது பலரைக் குழப்பும்.

7. பிஎஸ்ஆர்-4: கிளாஸ்களை இடம் மாற்றுதல்

இதுவரை கருவி வேலை. இங்கிருந்து ஆள் வேலை, அதனால் வேகத்தைக் குறையுங்கள்.

எடுத்த எடுப்பில் எல்லா கிளாஸ்களையும் நேம்ஸ்பேஸுக்குள் (பெயர்களைப் பிரித்துவைக்கும் பெயர்வெளிக்குள்) கொண்டுபோக முயலாதீர்கள். முதலில் கம்போசரின் ஆட்டோலோட் (கோப்புகளைத் தானாக ஏற்றும்) பகுதியில் பழைய ஃபோல்டர்களை கிளாஸ்மேப்பாகவும், பழைய ஃபங்ஷன் கோப்புகளை ஃபைல்ஸ் பட்டியலாகவும் சேருங்கள். இதனால் எந்தப் பெயரும் மாறாமலே ஆட்டோலோட் வேலை செய்யத் தொடங்கும், சிதறிக்கிடக்கும் ரிக்வயர் வரிகளை நிதானமாக நீக்கிக்கொண்டே வரலாம். அது நிலைத்த பிறகு ஒவ்வொரு ஃபோல்டராக பிஎஸ்ஆர்-4க்கு நகர்த்துங்கள். மற்ற கிளாஸ்களை அதிகம் சாராதவற்றில் தொடங்கினால் ஒவ்வொரு நகர்விலும் தொட வேண்டிய கோப்புகள் குறையும்.

இந்தப் படியில் நான்கு இடங்களில் ஆட்கள் விழுகிறார்கள்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸிலும் மேக்கின் இயல்பான அமைப்பிலும் கோப்புப் பெயரில் இந்த வித்தியாசம் பார்க்கப்படுவதில்லை. லினக்ஸ் சர்வரில் பார்க்கப்படும். உங்கள் கணினியில் ஓடியது சர்வரில் கிளாஸ் கிடைக்கவில்லை என்று நிற்கும். எழுத்தின் அளவை மட்டும் மாற்றும்போது கிட் எம்வி கட்டளையால் மாற்றுங்கள், இல்லையென்றால் கிட் அந்த மாற்றத்தைக் கவனிக்காமலே போகலாம். சிஐயை லினக்ஸில் ஓட்டுவதற்கு இதுவே போதுமான காரணம்.

பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதி. எனக்குத் தெரிந்தவற்றில் மோசமானது இதுதான், ஏனென்றால் எந்த எரரும் வராது. நேம்ஸ்பேஸ் சேர்த்த கோப்பில் எக்ஸெப்ஷன் என்று வெறுமனே எழுதியிருந்தால், பிஎச்பி அந்த நேம்ஸ்பேஸுக்குள் இருக்கும் எக்ஸெப்ஷன் என்ற கிளாஸைத்தான் நினைத்துக்கொள்ளும். அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் கேட்ச் பகுதியில் அது புகார் சொல்லாது. பிடிக்க வேண்டிய பிழை பிடிபடாமல் மேலே போய்விடும். ஃபங்ஷன்களுக்குப் பொதுவெளியில் தேடும் மாற்று வழி உண்டு, கிளாஸ்களுக்குக் கிடையாது. பெயருக்கு முன் பின்சாய்வுக் கோடு போடுங்கள், அல்லது மேலே யூஸ் வரி சேருங்கள்.

சரத்துக்குள் இருக்கும் பெயர்கள். கால்பேக்காக, டேட்டாபேஸில் சேமித்த மதிப்பாக, யூஆர்எல்லிலிருந்து கட்டிய பெயராக கிளாஸ் பெயர் சரமாக ஒளிந்திருக்கும். எடிட்டரின் பெயர்மாற்ற வசதி இவற்றைப் பார்க்காது. நகர்த்தும் முன் பழைய பெயரை முழு ரெப்போவிலும் வெறும் எழுத்தாகத் தேடுங்கள்.

செஷனும் கியூவும் (பின்னணி வேலைகளின் வரிசை). ஆப்ஜெக்டை அப்படியே செஷனில் வைத்திருந்தால் அதன் கிளாஸ் பெயரும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கும். புதிய நிரலை ஏற்றிய மறுநிமிடம், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் பயனர்களின் செஷனில் பழைய பெயர்தான் இருக்கும், அது முழுமையற்ற கிளாஸாகத் திறக்கும். சோதனையில் இது தெரியாது, நீங்கள் புதிதாக உள்நுழைந்துதானே சோதிப்பீர்கள். கிளாஸ்-ஏலியஸ் வைத்துப் பழைய பெயரைப் புதியதோடு இணைக்கும் ஒரு சிறு கோப்பை ஃபைல்ஸ் பட்டியலில் சேருங்கள். பழைய செஷன்கள் காலாவதியாகி, கியூவும் காலியான பிறகு அதை நீக்கலாம்.

8. பிஎச்பிஸ்டானும் பேஸ்லைனும்

நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை சொல்லும் கருவி பிஎச்பிஸ்டான். நிலை 0 முதல் தொடங்குகிறது. இல்லாத கிளாஸ், இல்லாத ஃபங்ஷன், தவறான எண்ணிக்கையில் ஆர்குமென்ட் போன்றவற்றை நிலை 0 பிடிக்கும். மேலே சொன்ன கேட்ச் கண்ணியும் அதில் மாட்டும். அதனால் ஏழாம் படியைத் தொடங்கும் அன்றே நிலை 0ஐ ஓட்டத் தொடங்கிவிடுங்கள்.

எடுத்தவுடன் உயர்ந்த நிலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆயிரக்கணக்கான பிழைகளைக் கண்டு கருவியையே கைவிடுகிறவர்கள் உண்டு. நிலை 0ஐ முழுவதும் சுத்தம் செய்யுங்கள், அவை பெரும்பாலும் உண்மையான பிழைகள். பிறகு நிலையை உயர்த்தி, அங்கே வரும் பழைய பிழைகளை பேஸ்லைன் கோப்பாக உருவாக்கிக்கொள்ளுங்கள். பழையவை அதில் அமைதியாக இருக்கும், புதிதாக எழுதும் நிரலில் வரும் பிழை மட்டும் சிஐயைத் தடுக்கும். பேஸ்லைனில் உள்ள ஒன்றை யாராவது சரிசெய்துவிட்டால், அந்தப் பதிவு இனித் தேவையில்லை என்று பிஎச்பிஸ்டானே சொல்லும். அதை நீக்கிக்கொண்டே வந்தால் கோப்பு சிறுத்துக்கொண்டே வரும்.

சிஐ தோற்கும்போதெல்லாம் பேஸ்லைனை மீண்டும் உருவாக்குவது பெரிய தவறு. பேஸ்லைன் கோப்பில் வரிகள் கூடும் எந்தப் புல் ரிக்வெஸ்டையும் ரிவ்யூவில் நிறுத்துங்கள். நிலை 5இல் ஆர்குமென்ட் வகைகள் சோதிக்கப்படும், பழைய செயலிக்கு அதுவே நல்ல இலக்கு.

9. கருவி பார்க்காத விதிகள்

இரண்டு பக்க ஆவணத்தின் பெரும்பகுதி இங்கேதான் செலவாக வேண்டும். ஏனென்றால் வடிவமைப்பு நூறு சதவீதம் சரியாக இருக்கும் செயலியும் பாதுகாப்பில் ஓட்டையாக இருக்க முடியும்.

எஸ்க்யூஎல்லில் மாறியை ஒட்டி எழுதக் கூடாது, மதிப்பைத் தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் மட்டுமே. ஆனால் டேபிள் பெயரையும் நெடுவரிசைப் பெயரையும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் மதிப்பாகக் கொடுக்க முடியாது. எந்த நெடுவரிசையால் வரிசைப்படுத்துவது என்று பயனர் அனுப்பும் இடங்களில், அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே சேர்க்க வேண்டும். விதியை அரைகுறையாகக் கற்றவர்கள் இந்த இடத்தில் மீண்டும் ஒட்டி எழுதிவிடுகிறார்கள்.

எச்டிஎம்எல் எஸ்கேப்பிங், அதாவது சிறப்புக் குறிகளைப் பாதுகாப்பான குறியீடாக மாற்றுவது, வெளியீட்டின்போது மட்டும் நடக்க வேண்டும், உள்ளே வாங்கும்போது நடக்கக் கூடாது. வாங்கும்போது செய்தால் டேட்டாபேஸில் குறியீடாக மாறிய பெயர்கள் உட்கார்ந்துகொள்ளும், அதே தகவல் மின்னஞ்சலிலோ எக்செலிலோ போகும்போது அலங்கோலமாகத் தெரியும். எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷன் பிஎச்பி 8.1க்கு முன் ஒற்றை மேற்கோளை இயல்பாக மாற்றாது. எனவே இதற்கு இரண்டெழுத்துப் பெயரில் சொந்த ஃபங்ஷன் ஒன்று எழுதி, விருப்பங்களை அதற்குள் வைத்துவிடுங்கள். பெயர் சிறிதாக இருந்தால்தான் டெம்ப்ளேட் எழுதுகிறவர்கள் மறக்காமல் போடுவார்கள்.

தமிழ் உள்ளீடு வரும் செயலிக்கு இன்னொரு விதி. எஸ்டிஆர்லென் பைட்டுகளை எண்ணுகிறது. தமிழ் என்ற சொல்லுக்கு அது 15 என்று சொல்லும். எம்பி-எஸ்டிஆர்லென் 5 என்கிறது, கிராஃபீம்-எஸ்டிஆர்லென்தான் நாம் எண்ணுகிற 3ஐத் தரும். பெயர்ப் புலத்துக்கு 20 எழுத்து வரம்பு என்று வைத்துவிட்டு முதல் ஃபங்ஷனால் சோதித்தால் நம் பெயர்கள் பாதிக்கு மேல் நிராகரிக்கப்படும். சப்ஸ்ட்ர் கொண்டு வெட்டினால் எழுத்து நடுவில் உடைந்து கேள்விக்குறி தெரியும். எந்த இடத்தில் எந்த ஃபங்ஷன் என்று ஆவணத்தில் எழுதிவையுங்கள்.

10. ஸ்ட்ரிக்ட் டைப்ஸ், கடைசியாக

இதைக் கடைசிக்குத் தள்ளியது வேண்டுமென்றேதான். வகைக் குறிப்புகளும் பிஎச்பிஸ்டானும் இல்லாமல் இதைச் சேர்த்தால், இதுவரை அமைதியாக ஓடிய பக்கங்கள் டைப்எரரோடு நிற்கும். படிவத்திலிருந்தும் யூஆர்எல்லிலிருந்தும் வரும் மதிப்புகள் சரமாகவோ சரங்களின் அடுக்காகவோதான் இருக்கும். அவற்றை முழு எண் எதிர்பார்க்கும் ஃபங்ஷனுக்கு நேராக அனுப்புவது பழைய நிரலின் வழக்கம்.

அறிவிப்பு கோப்பின் முதல் கூற்றாக இருக்க வேண்டும். அது அந்தக் கோப்பிலிருந்து செய்யப்படும் அழைப்புகளைத்தான் கட்டுப்படுத்தும். அந்தக் கோப்பில் எழுதிய ஃபங்ஷனை வேறு கோப்பு அழைத்தால், அழைக்கும் கோப்பின் விதிதான் செல்லும். இதைப் புரிந்துகொண்டால் வரிசையும் புரியும்: வெளியுலகத்தை நேரடியாகத் தொடாத கணக்கு கிளாஸ்களில் தொடங்கி, பயனரின் கோரிக்கையை முதலில் வாங்கும் கன்ட்ரோலர்களைக் கடைசியில் தொடுங்கள். கன்ட்ரோலரில் உள்ளீட்டை வாங்கிய இடத்திலேயே சோதித்து எண்ணாக மாற்றிவிட வேண்டும்.

டேட்டாபேஸையும் மறக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல்லுடன் பிடிஓவை (பிஎச்பியின் டேட்டாபேஸ் இணைப்பு நீட்டிப்பை) எமுலேட்டட் பிரிப்பேர் முறையில் பயன்படுத்தும்போது, பிஎச்பி 8.1க்கு முன் எண் நெடுவரிசைகளும் சரமாகத்தான் வந்தன, 8.1 முதல் எண்ணாகவே வருகின்றன. பதிப்பு உயர்த்தலையும் இந்தப் படியையும் ஒரே வாரத்தில் செய்தால் எந்த மாற்றம் எதை உடைத்தது என்று பிரிக்க முடியாது. பதிப்பு உயர்த்தல் முதலில், அது நிலைத்த பிறகு இது. === ஒப்பீடுகள் உள்ள இடங்களைத் தேடி எடுத்து, இரு பக்கமும் எந்த வகை வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஃபோல்டரில் அறிவிப்பைச் சேருங்கள்.